டெபாசிட் திரும்பி வராதபோது: வாட்ஸ்அப் மூட்டையை ஏஐயிடம் கொடுப்பதற்கு முன்

வாடகைத் தகராறில் கையில் இருப்பது பெரும்பாலும் மூன்றுதான்: ஒப்பந்தம், பணம் கட்டிய கணக்கு, இரண்டு வருட வாட்ஸ்அப். முதல் இரண்டும் இருபது பக்கத்துக்குள் அடங்கிவிடும். மூன்றாவது நானூறு பக்கம் போகும். அந்த மூட்டையைப் பிரித்து அடுக்கத்தான் ஏஐ. அதைத் தாண்டி அதன் கையில் எதையும் விடக்கூடாது என்பது என் கட்சி.

முதலில் வழக்கு செல்லுமா என்று பாருங்கள். சிங்கப்பூரின் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். தொகை வரம்பு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே போடலாம். வக்கீல் வைக்க முடியாது. உங்களுக்காகப் பேசப்போவது உங்கள் கோப்புதான்.

அடுத்து முத்திரைத் தீர்வை, அதாவது ஒப்பந்தத்துக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் வரி. எந்தச் செயலியும் தானாக இதை நினைவூட்டாது. தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. நான்கு ஆண்டுக்குட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: மாதம் 2,400 வெள்ளி வீதம் 24 மாதம் என்றால் 57,600, தீர்வை 230 வெள்ளி. கட்டாமல் விட்டிருந்தால் அபராதத்தோடு இப்போதும் கட்டலாம். சான்றிதழைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

ஏஐ பற்றி நீதிமன்றங்களின் வழிகாட்டி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பயன்படுத்தத் தடையில்லை. கேட்டால் ஒழிய, பயன்படுத்தினேன் என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டாம். ஆனால் சான்றை உருவாக்கவோ, மாற்றவோ, மெருகேற்றவோ கூடாது. வாக்குமூலத்தின் முதல் வரைவை எழுதவைக்கலாம், அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு உங்களுடையது.

இனி உரையாடல். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஏற்றுமதி வசதி இருக்கிறது, படங்கள் இல்லாமல் எடுத்தால் பழைய செய்திகளும் அதிகம் கிடைக்கும். வரும் எழுத்துக் கோப்பில் பக்க எண் இருக்காது. அப்படியே ஏஐயிடம் கொடுத்துப் பக்க எண் கேட்டால் கூசாமல் ஓர் எண்ணை இட்டுக்கட்டிச் சொல்லும். ஆகவே முதலில் பிடிஎஃப் ஆக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சிட்டு, அதன்பிறகு கொடுங்கள். அதையும் மொத்தமாக அல்ல, மாதம் மாதமாக. நீளமான கோப்பில் நடுப்பகுதியை அது மேலோட்டமாக மேய்ந்துவிடும்.

தேதியில் ஒரு பொறி. 03/04/2024 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? ஏற்றுமதி செய்த கைப்பேசியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. 12க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று கோப்பில் தேடிப் பார்த்து, நாள் முதலில் வருகிறதா மாதம் முதலில் வருகிறதா என்பதை ஏஐயிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சில வரிகளை ஒரு மாதிரியும் சில வரிகளை வேறு மாதிரியும் படித்து, ஏர்கான் பழுதான நாளுக்கு முன்பே புகார் செய்ததாகக் காட்டிவிடும்.

கேட்கவேண்டிய வேலை இவ்வளவுதான்: நாள், நேரம், அனுப்பியவர், செய்தியின் சொற்கள் எழுத்து மாறாமல், பக்க எண் என்று ஐந்து கட்டங்களில் அட்டவணை. சுருக்காதே, விளக்காதே, இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று எழுது. பிறகு மூலக் கோப்பில் ‘டெபாசிட்’, ‘டெப்போ’, ‘அட்வான்ஸ்’ என்று நீங்களே தேடி, எத்தனை முறை வருகிறது என்று எண்ணி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் விட்டுவிட்டது, கூடினால் சேர்த்துவிட்டது. இரண்டும் நடக்கும்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. வீட்டுக்காரரும் தமிழர், குடியிருப்பவரும் தமிழர் என்றால் பேச்சு முழுக்க ரோமன் எழுத்தில் தட்டிய தமிழாக இருக்கும். ‘பெயிண்ட் காசு எப்படிண்ணே?’ என்று கேட்டதற்கு ‘பாத்துக்கலாம் தம்பி’ என்று பதில். ஏஐ இதை ‘நான் அந்தச் செலவை ஏற்கிறேன்’ என்ற பொருளில் ஆங்கிலமாக்கும். இன்னொரு முறை கேட்டால் ‘பிறகு யோசிக்கலாம்’ என்று ஆக்கும். எது சரி என்பது முன்னும் பின்னும் உள்ள நாலு செய்தியில் இருக்கிறது. வாக்குறுதி என்று உங்கள் கோப்பில் எழுதி, மன்றத்தில் அவர் ‘சும்மா சொன்னேன்’ என்றால் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும். மூலச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் மொழிபெயர்ப்பை வையுங்கள். முக்கியமான வரிகளுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு கேட்கப்படலாம், ஏஐ மொழிபெயர்ப்பு அதற்கு ஈடில்லை. மன்றமே ஆவணங்களைச் சீனம், மலாய், தமிழில் படித்துப் புரிந்துகொள்ள ஏஐ மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டுவந்திருக்கிறது. அது உங்கள் வாசிப்புக்கு. சான்றாக வைப்பதற்கு அல்ல.

குரல்பதிவு இன்னும் மோசம். ஒலி இல்லாத இடைவெளியில்கூட யாரும் பேசாத வாக்கியத்தை எழுதிவைக்கும் பழக்கம் இந்தச் செயலிகளுக்கு உண்டு. காதால் கேட்டுச் சரிபார்க்காத வரியைச் சேர்க்காதீர்கள்.

படங்களில் ஏஐயின் கை படவே கூடாது. மங்கலான படத்தைத் தெளிவாக்கு என்றால், இல்லாத விவரத்தை அது வரைந்து நிரப்பும். சுவரில் விரிசல் கூடும், அல்லது குறையும். எடுத்த நாளைச் சொல்லும் உள்விவரம் வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இருக்காது. கைப்பேசியில் உள்ள மூலப்படத்தைத் தேடி எடுங்கள்.

கணக்கையும் அதனிடம் விடவேண்டாம், விரிதாள் போதும். 4,800 வெள்ளி டெபாசிட்டில் பெயிண்ட் 900, ஏர்கான் 320, துப்புரவு 250 என்று 1,470 பிடித்துக்கொண்டார் என்று வைப்போம். துப்புரவை நீங்கள் ஒப்புக்கொண்டால் கோரிக்கை 1,220. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எதிரே ஒப்பந்தத்தின் எந்த விதி, அவர் காட்டியது விலைப்புள்ளியா பணம் கட்டிய ரசீதா, உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் என்று விதி இருந்தால் 24 மாதத்துக்கு 8 பில் வேண்டும். ஏஐ தேடித் தருவது 6 என்றால், மீதி இரண்டைப் பற்றிய கேள்வி எதிர்த்தரப்பிலிருந்து வரும். விசாரணைக்கு முன்பே பதில் தயாராக இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் ஏஐயின் ஆகச் சிறந்த பயன் இதுதான்: ‘வீட்டுக்காரர் இடத்தில் நின்று படி, எனக்குப் பாதகமான செய்திகளை மட்டும் எடு.’ ‘ஸாரி அண்ணே, அந்தக் கறை என்னாலதான்’ என்று எப்போதோ அனுப்பியது அதில் வந்து நிற்கும். அதை நீக்கிவிட்டுக் கோப்பைக் கொடுக்க நினைக்காதீர்கள், அதே உரையாடல் அவர் கைப்பேசியிலும் இருக்கிறது.

சட்டம் கேட்டால் பாதி இங்கிலாந்துச் சட்டம் வரும். டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டிருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லும். இங்கே அப்படியொரு திட்டம் இல்லை, எத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளபடிதான். வழக்குப் பெயர் சொன்னால், சிங்கப்பூர் நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ள இலிட்டிகேஷன் (eLitigation) தளத்தில் தேடுங்கள். ஒரு ஏஐ சொன்னதை இன்னொரு ஏஐயிடம் கேட்பது சரிபார்ப்பு ஆகாது என்று நீதிமன்ற வழிகாட்டியே சொல்கிறது. இல்லாத வழக்கை மேற்கோள் காட்டியதற்காக 2025இல் ஒரு வழக்கறிஞருக்கே 800 வெள்ளி கட்டும்படி உத்தரவானது.

ஒப்பந்தத்தை ஏஐயில் ஏற்றுமுன் இரு தரப்பின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், உடன் தங்கியவர்களின் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். பிடிஎஃப்பின் மேல் கறுப்புக் கட்டம் போட்டால் போதாது, அடியில் எழுத்து அப்படியே இருக்கும், ஏஐ அதையும் படிக்கும். மறைத்த பக்கத்தை அச்சிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.