14 வருடம் பைக் ஓட்டியவன், லெஸ்டரில் மறுபடி எல் போர்டு

கோவில்பட்டியில் 14 வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டியிருக்கிறேன். எட்டயபுரம் ரோட்டில் எதிரே லாரி வந்தால் மண்ணில் இறங்கி வழிவிட்டு மறுபடி தாரில் ஏறுவதெல்லாம் கைக்குப் பழகிய வேலை. அதனால் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்கு வந்து, கேர் ஹோமில் இரவு ஷிப்ட் கிடைத்து, ஷிப்ட் நேரத்துக்கு பஸ் தோதுப்படாமல் ஒரு 125 சிசி வண்டி வாங்கலாம் என்று முடிவெடுத்தபோது, பயிற்சியை வெறும் சடங்காகத்தான் நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு. இங்கே புதிதாக வந்து டெலிவரிக்கோ ஷிப்டுக்கோ வண்டி எடுக்கப்போகிற நம்ம பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய லைசென்ஸை அப்படியே பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றித் தரமாட்டார்கள். ப்ரொவிஷனல் லைசென்ஸ் (நம்ம ஊர் எல்எல்ஆர் மாதிரி, பழகுபவருக்கானது) எடுத்து, சிபிடி என்கிற கட்டாய அடிப்படைப் பயிற்சியை முடிக்கவேண்டும், பெரும்பாலும் ஒரே நாள்தான். அதை வைத்து எல் போர்டு மாட்டி 2 வருடம் 125 சிசி வரை ஓட்டலாம். பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, மோட்டார்வே என்கிற அதிவேக நெடுஞ்சாலைக்குப் போகக்கூடாது.

அன்று காலை 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பரைப் படிக்கச் சொன்னார்கள். அப்புறம் மைதானத்தில் வேகமாக வந்து சட்டென்று நிறுத்தச் சொன்னார் பயிற்சியாளர். நான் கால் பிரேக்கை அழுத்தினேன், பின் சக்கரம் சறுக்கிக்கொண்டு கோணலாகப் போய் நின்றது. "முன் பிரேக்கை ஏன் தொடவே இல்லை?" என்றார். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாமாவின் முதல் பாடமே "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்" என்பதுதான், அந்தப் பயத்திலேயே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, முன் டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிறது. ஆகவே நிறுத்துகிற வலுவில் பெரும்பங்கு முன்னால்தான் இருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால்தான் ஆபத்து. வண்டி நிமிர்ந்து நேராக இருக்கும்போது முதலில் லேசாகப் பிடித்து, பாரம் முன்னால் வந்ததும் எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி கூட்டிக்கொண்டே போகவேண்டும். ஏழெட்டு முறை செய்த பிறகு, முன்பு நின்ற இடத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே வண்டி நின்றது. அதைப் பார்த்ததும் ஊரில் பார்த்த எத்தனையோ விபத்துகள் ஞாபகம் வந்து மனசு கனத்துப்போனது.

மதியம் ரோட்டில் 2 மணி நேரம். காதில் ரேடியோ, பின்னால் இன்னொரு பைக்கில் அவர். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் "லைஃப்சேவர்" என்பார். திரும்புகிற பக்கம் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி ஒரு நொடி பார்ப்பதற்கு அந்தப் பெயர். கண்ணாடியில் விழாத ஒரு மூலை இருக்கிறது, ஆளைக் கொல்கிற வண்டி அங்கேதான் வரும்.

ஊர்ப் பழக்கத்தில் என்னை மாட்டவைக்க இருந்த இன்னொரு விஷயம் ஹெட்லைட். நம் பக்கம் லைட் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்லு" என்று அர்த்தம். இங்கே பல பேர் "நீங்கள் போங்கள்" என்பதற்கு அடிக்கிறார்கள். சாலை விதிப் புத்தகத்தின்படி "நான் இங்கே இருக்கிறேன்" என்று தெரிவிக்க மட்டும்தான் அது. அதனால் யார் லைட் அடித்தாலும் அதை நம்பித் திரும்பாதே, நீயே பார்த்து முடிவெடு என்றார். ஹாரனையும் நம்பமுடியாது, ஊருக்குள் இரவு 11.30 முதல் காலை 7 வரை அடிக்கவே கூடாது, என் ஷிப்ட் போக்குவரத்தில் பாதி அந்த நேரத்தில்தான்.

அவர் அதிக நேரம் பேசியது சந்திப்புகளைப் பற்றி. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் என்பவர் 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய அந்த வண்டிக்காரர் விடாமல் குறுக்கே வந்திருக்கிறார். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. நேராக வருகிற பைக் கண்ணுக்கு ஒரு புள்ளி மாதிரி, அது நகர்வதே தெரியாது, கிட்ட வந்ததும் திடீரென்று பெரிதாகத் தெரியும். காரின் முன்கண்ணாடி ஓரத்துத் தூணே ஒரு பைக்கை முழுசாக மறைத்துவிடும். ஆகவே பக்கச்சாலையில் கார் நின்றால் வேகத்தைக் குறை, நடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் விலகி உன்னைக் காட்டு, விரலை பிரேக் மேல் வை, டிரைவரின் முகத்தைப் பார்க்காதே, முன் சக்கரத்தைப் பார், கார் கிளம்பினால் முதலில் உருள்வது அதுதான். 30 மைல் வேகத்தில் வண்டி நிற்க 23 மீட்டர் ஆகும் என்று கணக்கு, அதில் 9 மீட்டர் நாம் சுதாரிப்பதற்குள்ளேயே போய்விடும். விரல் தயாராக இருந்தால் அதில் கொஞ்சமாவது மிச்சம்.

நவம்பரில் ஒரு காலை, ஷிப்ட் முடிந்து வருகிறேன். தாழ்ந்த வெயில் முதுகில், என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக ஓடுகிறது. நிழல் அப்படி விழுந்தால் எதிரே இருப்பவன் கண்ணில் வெயில் என்று பயிற்சியாளர் சொன்னது ஞாபகம் வந்து வேகத்தைக் குறைத்தேன். இடப்பக்கச் சாலையில் வெள்ளைக் கார், சக்கரம் அசைந்தது, பிழிந்தேன். காரின் கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, "மன்னிச்சிடுங்க, உங்களைப் பார்க்கவே இல்லை" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குத்தான் போன் போட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவனைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஒரு சாயங்காலம் முழுக்க முன் பிரேக் பழக்கினேன். "கண்ணாடி பார்த்தா போதாதாண்ணே, எதுக்குத் திரும்பிப் பார்க்கணும்?" என்று கேட்டான். அவன் வண்டியில் கண்ணாடியே இல்லை, கழற்றி வீட்டுப் பரணில் போட்டிருந்தான். ரெண்டையும் எடுத்துத் துடைத்து மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிவிட்டுத்தான் மதுரைக்கு பஸ் ஏறினேன்.