மழைக்காலத்துக் குஞ்சுகள்: மருந்து கொடுப்பதா, வேண்டாமா?

கொட்டகையில் இருப்பவை கொஞ்சம் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகள், ஒரு சேவல், அடை வைத்துப் பொரித்து ஐந்து வாரம் ஆன குஞ்சுகள். ஐப்பசி மழை விடாமல் பிடித்ததில் குஞ்சுகள் முழுநேரமும் உள்ளேயே அடைந்து கிடந்தன. அதில் இரண்டு மூன்று சிலிர்த்துக்கொண்டு, இறக்கையைத் தொங்கப்போட்டு ஓரமாக நிற்க ஆரம்பித்தன. கீழே பரப்பியிருந்த தேங்காய் நார்த் தூளில் அங்கங்கே சிவப்பு.

சிவப்பெல்லாம் ரத்தம் இல்லை. முட்டுக்குடலில் (குடலோடு ஒட்டிய பை போன்ற பகுதி) இருந்து வரும் எச்சம் வெல்லப்பாகு போலப் பழுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றத்தோடு இருக்கும், அது சாதாரணம். குடலின் உள்தோல் உரிந்து ஆரஞ்சு நிறத்தில் வருவதும் உண்டு. அதனால் சோர்ந்த குஞ்சுகளைத் தனியாக எடுத்து, பழைய செய்தித்தாள் விரித்து விட்டுவைத்தேன். விழுந்த எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தால், ஈரம் ஊறிய இடத்தைச் சுற்றிக் காகிதத்தில் சிவப்பு வளையம் படர்ந்தது. சரி, இது ரத்தமேதான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "மருந்தெல்லாம் எதுக்குக் கண்ணு? சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி வெச்சு அரைச்சு உருட்டிப் போடு" என்றார். வெள்ளைக்கழிச்சலுக்கு அவர் வீட்டில் கொடுப்பது அதைத்தான். மருந்துக் கடையில் வேறு கதை. "எது வந்தாலும் கேட்கும் சார்" என்று ஒரு ஆன்டிபயாட்டிக் பொடியை எடுத்து வைத்தார் கடைக்காரர். எது வந்தாலும் கேட்கும் மருந்து என்று ஒன்று கிடையாது. வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் வைரஸால் வருவது. வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து இல்லை, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான். இப்படி ஆளாளுக்குக் கண்டதையும் கலந்துவிட்டதால்தான், மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழி உள்ளிட்ட உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடை போட வேண்டி வந்தது. பொடியை வாங்காமல் வந்துவிட்டேன்.

புது எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகம் போனதுதான் உருப்படியான வேலை. டாக்டர் அதைக் கண்ணாடித் தகட்டில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஐமீரியா என்கிற ஓரணு ஒட்டுண்ணியின் முட்டைகள் நிறைய இருந்தன. "பெரிய கோழிங்க எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக மேய்கின்றன, முட்டையும் குறையவில்லை என்றேன். ராணிக்கெட்டில் வரும் கழுத்துத் திருகல், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல் எதுவும் இல்லை. ஆக, இந்த ஒட்டுண்ணியால் வரும் ரத்தக்கழிச்சல்.

அப்புறம் முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் இது அதிகம் தாக்கும். ரத்தம் போக ஆரம்பித்துவிட்டால் காத்திருந்து பார்ப்பதற்கு இடமில்லை. பெரிய கோழிகள் கொஞ்சம் கொஞ்சமாக இந்த ஒட்டுண்ணியைத் தின்று எதிர்ப்புசக்தி வந்தவை, அவற்றுக்கு வேண்டாம். முட்டையில் மருந்து சேருமா என்கிற கவலையும் இதோடு போனது. ஆனால் குஞ்சுகளில் நோய் தெரிந்தது, தெரியாதது என்று பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் கொடுத்தேன், எல்லாம் ஒரே தரையைத்தானே கொத்துகின்றன.

மருந்து அம்ப்ரோலியம், 20 சதவீதப் பொடி. லிட்டருக்கு 1.2 கிராம் கணக்கில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேறு பொடியில் சதவீதம் வேறாக இருக்கும், அளவும் மாறும். நோயில் குஞ்சு தீனியைத் தொடாது, ஆனால் தண்ணீர் குடிக்கும். பெரியம்மாவின் உருண்டைக்கு நான் போகாததற்கு அதுவும் ஒரு காரணம். தினமும் புதிதாகக் கலந்து, கூரையில் இருந்து வழியும் தண்ணீர் உட்பட மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன்.

இங்கே ஒரு நுணுக்கம். அம்ப்ரோலியம் வைட்டமின் பி1 போலவே வேஷம் போட்டு ஒட்டுண்ணியை ஏமாற்றுகிறது. நிஜ பி1 கிடைக்காமல் அது சாகிறது. அதே சமயம் "தெம்புக்கு" என்று பி-காம்ப்ளெக்ஸ் டானிக் ஊற்றினால் மருந்து பாதி வீண். டானிக் பாட்டிலை அலமாரியில் ஏற்றிவிட்டேன், மருந்து முடிந்த பிறகுதான் இறக்கினேன்.

மருந்தைவிடத் தரைதான் அதிக வேலை வாங்கியது. எச்சத்தோடு வெளியே வரும் ஒட்டுண்ணி முட்டை உடனே தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்து ஒன்றிரண்டு நாளில்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது அசராது. அதனால் தண்ணீர் டப்பாவைச் சுற்றிக் கட்டியாகிப்போன தூளை வெட்டி எடுத்துவிட்டு, காய்ந்த தூள் போட்டேன். டப்பாவைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குச் செங்கல் வைத்துத் தூக்கியதும் சிந்துவது நின்றது.

முதலில் சோர்ந்ததில் ஒன்று செத்துவிட்டது. மற்றவை வாரம் திரும்புவதற்குள் தீனிக்கு முண்டியடித்தன. கொண்டை மட்டும் வெளிறியே இருந்தது, நிறம் ஏற நாளானது.

அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு முன்கூட்டியே அம்ப்ரோலியம் கொடுப்பதாக இல்லை. காய்ந்த தரையில் கொஞ்சமாகத் தொற்றி எதிர்ப்புசக்தி வரட்டும். கம்பெனி ஸ்டார்ட்டர் தீவனம் போடுபவர்கள் மூட்டைச் சீட்டைப் படியுங்கள், பலவற்றில் இதற்கான மருந்து ஏற்கெனவே கலந்திருக்கும். ராணிக்கெட் தடுப்பூசியில் மட்டும் யோசனையே இல்லை: ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் ஊசி. பெட்டைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கலாமா என்று இப்போது வீட்டில் பேச்சு. மழை விட்டதும் அவற்றின் எச்சத்தையும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் அது.