தட்டினால் துள்ளாத கால்

சென்ற ஆண்டு ஐப்பசியில் கோபிச்செட்டிபாளையம் பக்கமுள்ள எங்கள் தோட்டத்துச் சாளைக்கு இரண்டு மாதக் குட்டியாக வந்த லேப்ரடார், மார்கழிப் பனி இறங்கியதும் களத்தை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பின்னங்கால்களைச் சேர்த்து முயல்போலத் தாவி, தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிடும். “ராயிக் களியும் மோரும் ஊத்து கண்ணு, தெம்பு வந்துரும்” என்றார் அப்பச்சி.

மருத்துவர் குட்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். துள்ள வேண்டிய கால் அசையவே இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வந்த முடிவு, சென்ட்ரோநியூக்ளியர் மயோபதி என்ற தசை நோய். தசை இழையின் ஓரத்தில் இருக்க வேண்டிய உட்கரு நடுவில் அமர்ந்துவிடுவதால் இப்பெயர். லேப்ரடார்களில் இது பிடிபிஎல்ஏ என்ற மரபணுவுக்குள் ஒரு டிஎன்ஏ துண்டு செருகிக்கொண்டதால் வருவது என்பதை 2005-இல் கண்டறிந்தார்கள்.

காங்கேயம் காளை வாங்கப் போனால் சுழி பார்க்கிறோம், கொம்பும் திமிலும் பார்க்கிறோம். இந்த நோயோ எந்தக் கண்ணுக்கும் அகப்படாது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள்; இரண்டும் பழுதானால்தான் நோய். பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமக்கும் நாய் ஆயுள் முழுக்கத் திடமாக ஓடும். அப்படி இரண்டைச் சேர்த்தால்தான் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. விற்றவர் கொடுத்த வம்சாவளிப் பத்திரத்தை மறுபடி விரித்துப் பார்த்தபோது, தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே ஆண் நாயின் பெயர் இருந்தது. அதைச் சுத்த இரத்தத்துக்குச் சான்றென்று நினைத்துப் பூரித்தவன் நான்தான்.

விற்றவரிடம் சொன்னபோது, அதே சோடியின் அடுத்த ஈற்றிலிருந்து வேறு குட்டி தருவதாகச் சொன்னார்! பரிசோதனை செய்தால் நாயை ஒதுக்க வேண்டியிருக்கும் என்பது அவருடைய பயம். அது தேவையற்றது. பழுதைச் சுமக்கும் நாயைப் பழுதில்லாத நாயோடு மட்டும் சேர்த்தால் ஒரு குட்டிக்கும் இந்நோய் வராது. குட்டிகளில் ஏறத்தாழப் பாதி பழுதைச் சுமக்கும், அவ்வளவே. சுமப்பவற்றையெல்லாம் கழித்துக்கட்டினால், ஏற்கெனவே குறுகிய வம்சம் இன்னும் குறுகிப்போகும்.

மருந்தில்லை. ஆனால் ஒரு வயதை ஒட்டித் தளர்ச்சி பெரும்பாலும் அதற்குமேல் கூடாமல் நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னது எங்கள் நாய்க்குப் பலித்திருக்கிறது. உணவுக்குழாயும் தளர்ந்து தின்றதைக் கக்கியதால், இப்போது கவிழ்த்த அண்டாவின் மேல் போசியை வைத்து, நின்றபடியே தின்னப் பழக்கியிருக்கிறோம். பனி நாள்களில் வெயில் ஏறும்வரை சாக்கை விட்டு அது எழுவதில்லை; நாங்களும் எழுப்புவதில்லை.