கொச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு டகோட்டா

ஐப்பசியில் ஆரம்பித்தது. மார்கழி பிறந்த இரண்டாம் வாரம்தான் ஒரு பழைய டகோட்டா விமானத்தைக் கொச்சியில் கிளப்பி, மலை தாண்டி, மதுரை ஓடுதளத்தில் ஒழுங்காக இறக்க முடிந்தது. வீட்டு மாடியறையில், கம்ப்யூட்டரில் ஓடும் விமான சிமுலேட்டரில்தான். ஆனாலும் இந்த இரண்டு மாதத்தில் நம்ம ஊர் மேற்கு மலையைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, தேனிக்கு எத்தனையோ தடவை பஸ்ஸில் போய் வந்தும் தெரியாதது.

காரணம் பெரியப்பா. மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடியில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் மாடு மேய்க்கும் சாக்கில் விமான நிலைய வேலிப் பக்கம் நின்று ஆவ்ரோ விமானம் இறங்குவதைப் பார்ப்பாராம். ஊர்க்காரர்கள் சத்தத்தை வைத்தே இறங்கப்போகிறதா, சுற்றி வரப்போகிறதா என்று சொல்லிவிடுவார்கள் என்பார். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர் என் சிமுலேட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் சரிடா தம்பி, அந்தக் காலத்து வண்டியில மேற்கேருந்து மலை தாண்டி வருவியா?"

ஆவ்ரோ கான்பூரில் நம்மவர்களே செய்த விமானம், ஹெச்.எஸ். 748. புரொப்பல்லர் இருந்தாலும் அதன் எஞ்சின் டர்பைன். எனக்கு அதைவிடப் பழசாக, பிஸ்டன் எஞ்சினாக வேண்டும் என்று தோன்றியது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் 40-ஆம் ஆண்டுப் பதிப்பு 2022 நவம்பரில் வந்தபோது அதோடு ஒரு டிசி-3 வந்தது. பழைய முள் மீட்டர்களோடு ஒரு காக்பிட், ஜி.பி.எஸ். திரையோடு ஒன்று என்று இரண்டு விதம் உண்டு. பழையதைத்தான் எடுத்தேன்.

டிசி-3 முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. யுத்தத்தில் பிரிட்டிஷ்காரர்கள் டகோட்டா என்று கூப்பிட்டார்கள், நம்மிடமும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. 1953-ல் தனியார் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதன் கைக்கு வந்தவற்றில் 74 டகோட்டா. ஒரு தலைமுறை முழுக்க இந்த நாட்டுக்குள் பறந்தது இதில்தான் என்று சொல்லலாம்.

முதல் பத்து நாள் பறக்கவே இல்லை. தரையிலேயே போய்விட்டது.

டகோட்டாவுக்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கிறது. நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், எதிரே ஓடுதளம் சரியாகத் தெரியாது. விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் இரண்டு புரொப்பல்லரும் வலஞ்சுழியாகச் சுற்றுகின்றன. வால் தரையில் இருக்கையில் வலப்பக்கமாகக் கீழே வரும் புரொப்பல்லர் றெக்கைதான் காற்றை அதிகம் கவ்வும். அதனால் எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளத் தள்ள மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது பெடலை மிதித்துச் சமாளிக்க வேண்டும். இது புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் என் டகோட்டா இழுத்த இழுப்பு அதற்கு மேலே இருந்தது. வால் சக்கரத்தைப் பூட்டியும், த்ராட்டிலை மெதுவாகத் தள்ளியும், 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகம் வருவதற்குள் புல்லில் இறங்கிவிடும்.

பெடல் நானே செய்தது. ஆசாரி ஒருவரிடம் பிளைவுட் அறுத்து வாங்கி, மேஜை டிராயருக்குப் போடும் சேனல் இரண்டு, பெடல் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க ஒரு 10 கே பொட்டென்ஷியோமீட்டர், அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்ன ஆர்டுயினோ போர்டு. ஒருநாள் ராத்திரி சிமுலேட்டரை மூடிவிட்டு விண்டோஸின் ஜாய்ஸ்டிக் அளவீட்டுத் திரையை மட்டும் திறந்து பார்த்தேன். பெடலில் காலே வைக்கவில்லை, நடுவில் நிற்க வேண்டிய கோடு துடித்துக்கொண்டே இருந்தது. சில சமயம் இடப்பக்கம் நாலில் ஒரு பங்கு ஓடிப்போய்த் திரும்பியது. பொட்டென்ஷியோமீட்டரின் உள்தடம், அதிகம் உரசும் நடுப்பகுதியில் தேய்ந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, காந்தம் நகர்வதை உணரும் ஹால் சென்சார் ஒன்றும், சேனல் ஓரத்தில் ஒரு சின்ன காந்தமும் வைத்தேன். ஒன்றையொன்று தொடாததால் தேய எதுவும் இல்லை. மறுநாள் முதல் ஓட்டத்திலேயே நேராகப் போனது. 45 நாட்டில் வால் தானாக எழுந்து, ஓடுதளம் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்த அந்தக் கணத்தை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் எஞ்சின். 14 சிலிண்டர், வட்டமாக அடுக்கியது, ஒவ்வொரு எஞ்சினும் 1,200 குதிரைசக்தி. நின்றுகொண்டே இருந்தால் கீழ்ப்பக்க சிலிண்டர்களில் எண்ணெய் வடிந்து தேங்கிவிடும். அதனால் ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டு புரொப்பல்லர் றெக்கைகள் கடந்து போவதை எண்ண வேண்டும்; பன்னிரண்டு பதினைந்து போன பிறகுதான் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைப் போட வேண்டும். சக்தியைக் கூட்டும்போது முதலில் சுற்று வேகம், பிறகு மேனிஃபோல்டு பிரஷர், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், அங்குலக் கணக்கில். குறைக்கும்போது அப்படியே தலைகீழ். சிமுலேட்டரில் எஞ்சின் வீணானாலும் காசு போகாது. ஆனால் எண்ணெய்ச் சூடு, சிலிண்டர் சூடு முள்களைப் பார்த்துக்கொண்டே எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றுக்கான கதவான கவுல் ஃபிளாப்பைத் திறந்து மூடிப் பழகிய பிறகு, அவற்றைப் பார்க்காமல் உட்கார மனசு வரவில்லை.

சரி, வழி. கொச்சியில் வில்லிங்டன் தீவில் உள்ள பழைய விமான நிலையம். நெடும்பாசேரி 1999-ல் திறப்பதற்கு முன் எல்லாரும் அங்கேதான் ஏறினார்கள், இப்போது கடற்படையிடம் இருக்கிறது. அங்கிருந்து மதுரை கிட்டத்தட்ட நேர் கிழக்கு, 108 கடல் மைல். ஜி.பி.எஸ். கிடையாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். திசைகாட்டி, கடிகாரம், ஒரு தாள் வரைபடம். மதுரையின் ரேடியோ வழிகாட்டி கடைசிக்கு.

கணக்கு இதுதான். 9,500 அடியில் வர வேண்டும். வடக்கே ஆனைமுடியே 8,842 அடி. மதுரையை நெருங்கும்போது 1,500 அடியில் இருக்க வேண்டும். 8,000 அடி இறங்க வேண்டும். இந்த எஞ்சின்களைத் திடீரென்று குளிரவிடக் கூடாது, அதனால் நிமிடத்துக்கு 500 அடி. 16 நிமிடம் ஆகும். 145 நாட் வேகத்தில் 16 நிமிடம் என்றால் 39 கடல் மைல். ஆக, மதுரைக்கு 39 மைல் இருக்கும்போது இறங்க ஆரம்பிக்கலாம். தாளில் அழகாக வந்தது.

கார்த்திகையில் ஒருநாள், நேரடி வானிலையைப் போட்டுக் கிளம்பினேன். கொச்சியில் காற்றே இல்லை. மேலே போனதும் மேகம். கடிகாரம் சொன்ன நேரத்தில் பிரஷரை ஒவ்வோர் அங்குலமாகக் குறைத்து இறங்க ஆரம்பித்தேன். 5,500 அடி வரும்போது மேகம் கிழிந்தது. வலது ஜன்னல் முழுக்கப் பச்சை. மேகமலைச் சரிவு. மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

கை தானாகவே த்ராட்டிலை முன்னே தள்ளி இடப்பக்கம் திருப்பிவிட்டது. தப்பித்தேன். ஆனால் அதற்கு மேல் ஓட்டவில்லை, நிறுத்திவிட்டுக் கீழே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

மேலே வடகிழக்குக் காற்று 25 நாட் இருந்திருக்கிறது. அது என்னைப் பின்னாலும் தள்ளியது, தெற்கேயும் தள்ளியது. கடிகாரம் மலை தாண்டிவிட்டாய் என்றது. உண்மையில் நான் எட்டு ஒன்பது மைல் பின்தங்கி, ஐந்தாறு மைல் தெற்கே ஒதுங்கியிருந்தேன்.

அன்று சாயந்திரம் பெரியப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சின்னமனூர்ப் பக்கமா?" என்றார். 1971 டிசம்பர் 9 அன்று மதுரைக்கு இறங்க வந்த ஆவ்ரோ ஒன்று சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்துபோனார்கள். சேதி வந்த ராத்திரி ஊரில் யாரும் தூங்கவில்லை என்றார். அவர் ஏன் மலையைப் பற்றிக் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு கணக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகப் போட்டேன். எத்தனை மைலில் இறங்கலாம் என்பதை விட்டுவிட்டு, எதைக் கண்ணால் பார்த்த பிறகு இறங்கலாம் என்று யோசித்தேன். வரைபடத்தில் விடை கண்ணுக்கு முன்னேயே இருந்தது: வைகை அணை. தேனிக்குக் கிழக்கே, இடது பக்கம், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு வேறு கிடையாது. அதைப் பார்த்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கும் மேற்கு மலையும் முதுகுக்குப் பின்னால். தேனியிலிருந்து மதுரை சுமார் 36 கடல் மைல்; எதிர்காற்றில் நிமிடத்துக்கு இரண்டு மைல்; 17, 18 நிமிடம். நிமிடத்துக்கு 450 அடியே போதும், எஞ்சினுக்கும் நல்லது. அணை தெரியவில்லை என்றால் 9,500 அடியிலேயே மதுரை தலைக்கு மேல் வந்து, மதுரையைக் காட்டும் ரேடியோ முள் பின்பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டு, அங்கேயே சுற்றி இறங்குவது. நேரம் போகட்டும்.

இரண்டு தடவை அப்படித்தான் சுற்றி இறங்கினேன். ஒருமுறை மேகம், ஒருமுறை அணை இறக்கைக்குக் கீழே மறைந்துவிட்டது.

மார்கழி இரண்டாம் ஞாயிறு பெரியப்பா வந்திருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காற்றுக்கு ஐந்து டிகிரி வடக்கே திருத்தி வைத்து வந்தேன். போடி மலையின் விளிம்பு கீழே சட்டென்று முடிந்தது, பள்ளத்தாக்கு திறந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் விரலை நீட்டி, "அணை" என்றார். ஒரு அங்குலம் குறைத்தேன். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு அங்குலம்.

கீழே உசிலம்பட்டி, அப்புறம் திருமங்கலம். அங்கிருந்து கிழக்கு நோக்கிய ஓடுதளம் 09 நேர் எதிரே. இடப்பக்கம் திருப்பரங்குன்றம், தூரத்தில் யானைமலை படுத்த வாக்கிலேயே. சக்கரம் இறக்கி, இறக்கை ஃபிளாப் முழுசாகப் போட்டு, 82 நாட். முன் சக்கரம் இரண்டும் ஒன்றாகத் தொட்டன. ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னால் அழுத்தியே வைத்து, வேகம் செத்த பிறகு வாலைத் தானாக இறங்கவிட்டேன். வலது பெடல், இடது பெடல், வலது. நின்றது.

எஞ்சினை உடனே அணைக்கவில்லை. சிலிண்டர் சூடு இறங்கும்வரை ஓடட்டும் என்று விட்டேன். பெரியப்பா அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். "ஆவ்ரோ இப்படி இருக்காது, அது விசில் மாதிரி வரும்" என்றார். நோட்டில் 1 மணி 4 நிமிடம் என்று எழுதினேன். அடுத்த வாரம் மேகம் அதிகமுள்ள நாளாகப் பார்த்து இதே வழியில் போக வேண்டும். தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.