ஆஃபருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

அதிகம் கேள்விப்படாத ஒரு ஃபின்டெக் கம்பெனியிலிருந்து, அதாவது பணம் அனுப்புவது, கடன் தருவது போன்றவற்றை மென்பொருளால் நடத்தும் கம்பெனியிலிருந்து, மென்பொருள் வேலைக்கு ஆஃபர் வந்தால், பெரும்பாலானவர்களின் கண் சிடிசிக்குத்தான் (ஆண்டுக்கு மொத்தச் சம்பளச் செலவு என்று கம்பெனி சொல்லும் தொகை) போகும். அதற்கு முன் பார்க்க வேண்டியது, அந்தக் கம்பெனி யாருடைய லைசென்ஸில் ஓடுகிறது என்பது.

2022 ஜூன் 20 அன்று, வங்கியல்லாத நிறுவனங்கள் தரும் வாலெட், ப்ரீபெய்டு கார்டுகளில் கடன் தொகையை ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதையே தொழிலாக நடத்திய கம்பெனிகள் தடுமாறிப்போயின. கோடில் பிழை எதுவும் இல்லை. தொழில் நின்றிருந்த தரைதான் நகர்ந்துவிட்டது.

பேமென்ட் அக்ரிகேட்டர் (கடைகளுக்காக வாடிக்கையாளர்களிடம் ஆன்லைனில் பணம் வாங்கிச் சேர்ப்பவர்) என்று சொன்னால், ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா, இறுதி அனுமதியா, கொள்கையளவிலான அனுமதி மட்டுமா என்று பாருங்கள். கடன் கொடுக்கும் ஆப் என்றால், சொந்தமாக என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) வைத்திருக்கிறார்களா, இல்லை கடன் தரும் வேறொரு நிறுவனத்துக்குக் கடன் வாங்க ஆள் பிடித்துக் கொடுக்கும் எல்எஸ்பியா? எல்எஸ்பி என்றால், கடன் தரும் பார்ட்னர்கள் எத்தனை பேர், அதில் பெரியவரிடமிருந்து எவ்வளவு வருமானம் என்று தயங்காமல் கேளுங்கள். ஒரே பார்ட்னரை நம்பியிருந்தால், அவர் விலகும் மாதம் உங்கள் சம்பளமும் ஆட்டம் காணும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால், அவர்கள் தாக்கல் செய்த வரவு செலவு அறிக்கையையும் ஆடிட்டரின் குறிப்பையும் படிக்கலாம். ஒரு மாலை நேரம் போதும்.

அடுத்தது ரீகன்சிலியேஷன், அதாவது தன் கணக்கும் வங்கியின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது. ஒரு கம்பெனியின் தரம் இதில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது என்பது என் உறுதியான எண்ணம்.

499 ரூபாய்க்கு ஒரு பேமென்ட் என்று வையுங்கள். வங்கிக்கு ரிக்வெஸ்ட் போனது, 30 வினாடி ஆகியும் பதில் இல்லை. பணம் போனதா, போகவில்லையா, அந்த நொடியில் யாருக்கும் தெரியாது. இதை ஃபெயில் என்று குறித்து, புதிய ரெஃபரன்ஸ் எண்ணில் மறுபடி அனுப்பினால், முதல் ரிக்வெஸ்டிலும் பணம் போயிருந்தால், வாடிக்கையாளரின் கணக்கில் 998 ரூபாய் பிடித்தமாகிவிடும். சரியான வழி, பெண்டிங்கில் வைத்து, அதே ரெஃபரன்ஸில் ஸ்டேட்டஸ் கேட்பது. எந்தெந்தப் பேமென்ட் முடிந்தது என்று சொல்லும் செட்டில்மென்ட் ஃபைல் வந்ததும் சொந்த லெட்ஜர் (கணக்குப் பதிவேடு), அந்த ஃபைல், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். யூபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. இது 2019 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, அக்டோபரிலிருந்து அமலில் இருக்கும் விதி.

ஆகவே இன்டர்வியூவின் கடைசி ஐந்து நிமிடத்தில் இதைக் கேளுங்கள்: "கடைசியாக எப்போது கணக்கு ஒத்துப்போகவில்லை? எவ்வளவு தொகை? யார் கண்டுபிடித்தார்கள்?" நல்ல டீம் என்றால் ஆர்வத்தோடு போர்டில் வரைந்தே காட்டுவார்கள். "அப்படி வந்ததே இல்லை" என்றால், பார்ப்பதே இல்லை என்று பொருள். "ஃபைனான்ஸ் டீம் எக்செலில் பார்த்துக்கொள்வார்கள்" என்றால், மாதக் கடைசி இரவில், நிஜக் கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸில் கையால் அப்டேட் ஓட்டும் வேலை உங்களிடம்தான் வரும். தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைக்கிறார்களா, தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டிலா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஃப்ளோட் என்றால், ஆரம்பத்திலிருந்தே கணக்கு தெரிந்தவர் அங்கே இல்லை.

சம்பளத்தில் வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் பகுதி), கம்பெனி தரப்பு பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கழித்துக் கைக்கு வருவதைக் கணக்கிடுங்கள். ஈசாப்பை, அதாவது குறித்த விலையில் கம்பெனிப் பங்கை வாங்க ஊழியருக்குத் தரும் உரிமையை (ஆப்ஷன்), சம்பளமாக எண்ணாதீர்கள். 10 ரூபாய் விலையில் 1,000 ஆப்ஷன் என்று வையுங்கள். ஆப்ஷனை எடுக்கும் (பங்கை வாங்கும்) நாளில் பங்கின் மதிப்பு 410 ரூபாய் என்றால், வித்தியாசமான 4 லட்சம் சம்பள வருமானமாகிவிடும். நீங்கள் 30 சதவீத வரி வரம்பில் இருந்தால், வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 1,24,800 ரூபாய். அந்தப் பங்கை வாங்க ஆள் இல்லாவிட்டாலும் இந்த வரி உண்டு. சில ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும் தள்ளிக்கட்ட சலுகை இருக்கிறது. வேலையை விட்டபின் ஆப்ஷனை எடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதைக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் பீரியட் உங்களுக்கு 90 நாள், கம்பெனிக்கு 30 நாள் என்று இருந்தால், கையெழுத்துக்கு முன்பே சமமாக்கச் சொல்லுங்கள். சேர்ந்தபின் அந்த வரியை யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.