ஏற்காட்டு வீட்டைச் சென்னைக்குக் கொண்டுபோவது எப்படி?

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடர் திடீரெனப் படப்பிடிப்பு ஊரை மாற்றினால், "யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் சண்டை எதுவும் இருக்காது. கணக்கு ஒத்து வந்திருக்காது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை ஒளிவு மறைவில்லாமல் போடுகிறார்கள். 'வீப்' தொடரின் கதை வாஷிங்டனில் நடக்கிறது. முதல் நான்கு சீசன்களைப் பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் எடுத்தவர்கள், ஐந்தாவதுக்கு நாட்டின் மறுகோடியிலுள்ள கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள். காரணம் 2014இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம். ஆண்டுக்கு 10 கோடி டாலராக இருந்த படப்பிடிப்பு வரிச்சலுகை 33 கோடியானது. வெளி மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்து வரும் தொடருக்கு முதல் சீசனில் 25 சதவீதம், அடுத்த சீசன்களுக்கு 20. ஏறக்குறைய அதே நேரத்தில் வட கரோலினா தன் 25 சதவீதச் சலுகையை 2014 முடிவோடு நிறுத்திவிட்டு, சிறிய மானிய நிதி ஒன்றை வைத்தது. அங்கே எடுக்கப்பட்டுவந்த 'ஸ்லீப்பி ஹாலோ' மூன்றாவது சீசனுக்கு ஜார்ஜியா போய்ச் சேர்ந்தது.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எந்தச் செலவுக்குச் சலுகை என்பதைத்தான் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் அந்தத் திட்டத்தில் நடிகர், இயக்குநர், எழுத்தாளர் சம்பளம் சேராது. செலவு 100 என்று வைத்து, அதில் 40 அவர்கள் சம்பளம் என்றால், மீதி 60க்குத்தான் 25 சதவீதம். கைக்கு வருவது 15. ஜார்ஜியாவில் 20 சதவீதம், மாநிலத்தின் பீச் பழ முத்திரையைத் தொடரில் காட்டினால் இன்னும் 10. அங்கே நடிகர் சம்பளமும் கணக்கில் சேரும். அந்த மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டிய அவசியம் இல்லாத கம்பெனி, சலுகையை வரி கட்டுகிற வேறொருவருக்குக் கொஞ்சம் தள்ளுபடியில் விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம்.

சேலத்திலிருந்து சென்னைக்கு மாறும் தொடருக்கு நடுவில் மாநில எல்லை கிடையாது. இங்கே கணக்கு பேட்டாவிலும் அறை வாடகையிலும் டீசலிலும்தான். ஏற்காட்டில் எடுத்தால் மொத்த யூனிட்டுக்கும் தங்க இடம் வேண்டும். சென்னையில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வந்துவிடுவார்கள். ஜெனரேட்டர் வண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியாக வேண்டும். மே மாதக் கோடை விழாவின்போது அறையும் கிடைக்காது, சாலையும் கிடைக்காது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் மேலே இருப்பவர்கள் மேலேயே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை அப்படித்தான் நின்றது. குப்பனூர் வழி இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சுற்று. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு நேரம். பனி இறங்கினால் காத்திருக்க வேண்டும், விலகினால் முந்தைய ஷாட்டோடு ஒட்டாது. வாரம் ஐந்தாறு எபிசோடு தர வேண்டிய தொடருக்கு இது கட்டுப்படியாகாது.

ஆக, போவது என்று முடிவாகிவிட்டால், கதை ஏற்காட்டிலேயே நடப்பதாகக் காட்ட என்ன செய்ய வேண்டும்?

கிளம்புவதற்கு முன், வீட்டின் வெளித்தோற்றத்தைச் சேமித்துவைக்க வேண்டும். காலை, உச்சி, மாலை, இரவு என நான்கு வெளிச்சத்திலும், பனியோடும் பனி இல்லாமலும், ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாவது, ஸ்டாண்டில் நிறுத்தி. லென்ஸ், கேமரா உயரம், நேரம் மூன்றையும் எழுதிவைக்கவும். கதையில் வரும் கார் கேட்டுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் தனியாக வேண்டும். ஓட்டுபவர் முகம் தெரியக்கூடாது. அந்தக் காரை விற்கவும் கூடாது.

இதில் பலரும் கோட்டைவிடுவது பருவத்தை. மார்ச், ஏப்ரலில் கோடை மழைக்குப் பின் காப்பி வெள்ளை வெளேரென்று பூக்கும், சில நாளில் உதிரும். நவம்பருக்குப் பின் பழம் சிவந்திருக்கும். பூவும் பழமும் தெரிகிற ஷாட்டை வருடம் முழுக்கப் போட முடியாது. ஊர்க்காரர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் முன்னே நிற்க, காப்பிச் செடி தூரத்தில் பச்சையாக மட்டும் தெரியும் கோணங்களை அதிகம் எடுங்கள். சுவரொட்டி, கட்சிக் கொடி, விழாப் பந்தல் எதுவும் ஃபிரேமில் வேண்டாம்.

ஒலியையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். விடியலில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம், மழையில் ஓட்டுக்கூரைக்குக் கீழே பத்து நிமிடம். சென்னையில் எடுத்த காட்சிக்கு அடியில் இதைப் போட்டால் பாதி மலை வந்துவிடும்.

அடுத்தது உள்வீடு. சுவர் நீளத்தோடு, தரையிலிருந்து சன்னல் எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சுவிட்ச் போர்டு எங்கே, எந்தச் சன்னல் கிழக்கு பார்க்கிறது என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். கிழக்குச் சன்னலைத் தவறவிட்டால் காலைக் காட்சியில் வெயில் பூஜையறை வழியாக வரும்! பழைய எஸ்டேட் வீடுகளின் சுவர் ஒன்று, ஒன்றரை அடி தடிமன் இருக்கும். பிளைவுட் சுவரில் சன்னல் வைத்தால் அந்த ஆழம் காணாமல்போய், செட்டு என்று பட்டென்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சன்னலுக்கும் வாசலுக்கும் அதே ஆழத்துக்குப் பெட்டி கட்டித்தான் தீர வேண்டும். செலவைப் பார்த்து இதை விட்டவர்கள் கடைசிவரை சன்னல் பக்கம் கேமராவைத் திருப்பாமல் தவித்திருக்கிறார்கள்.

சுவர்ப் பலகைகளை ஆணி அடிக்காமல் ஸ்க்ரூவில் இணைத்து, முதுகில் எண் போட்டுவிட்டால் அடுத்த தளத்துக்கும் அப்படியே தூக்கலாம். வண்ணத்தை ஃபோனில் பிடித்துப்போய்க் கடையில் காட்டக்கூடாது; உதிர்ந்த சுண்ணாம்புத் துண்டு ஒன்றை எடுத்துப் போகவும்.

சன்னலுக்கு வெளியே தொங்கும் அச்சடித்த மலைப்படம் குறைந்தது எட்டு, பத்து அடி தள்ளி, சற்றுக் கூடுதல் வெளிச்சத்தில், ஃபோகஸில் விழாமல் மங்கலாக இருக்க வேண்டும். நடுவே நிஜச் செடி வைத்தால் ஆழம் கிடைக்கும். ஏற்காட்டு அராபிகாச் செடியைத் தொட்டியில் கொண்டுபோனால் சென்னை வெயிலில் இலை கருகும். செடிகளை இரண்டு தொகுதியாக வைத்து, ஒன்றை நிழல்வலைக்கு அடியில் ஓய்வுக்கு விட்டு மாற்றிக்கொள்ளலாம். புகைபோட்டுப் பனி காட்டுவது மூடிய தளத்தில் எளிது. திறந்த வெளியில் கடற்காற்று தொடங்குவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஸ்வெட்டர் போட்ட நடிகர் வியர்ப்பதை எந்த மேக்கப்பும் மறைக்காது. அந்தக் காட்சிகளுக்குக் காலை ஆறு முதல் எட்டுதான் நேரம்.

'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர் ஐந்து சீசன் கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்டு, 1998இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தது. அங்கே காரணம் வரி அல்ல, நாயகனின் விருப்பம். ஈரமும் இருட்டுமாக இருந்த தொடர் வெயிலுக்கு வந்துவிட்டது என்று ரசிகர்கள் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அத்தனை பணம் கொட்டியும் வெளிச்சம் ஒத்துவரவில்லை.

பலகையை லாரியில் ஏற்றலாம். உள்ளூர் ஆட்களை ஏற்ற முடியாது. இதைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ சேலத்தில் இதே ஏற்காடு சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. எழுத்தாளர், தச்சர், லேப் ஆட்கள் எல்லாரும் ஒரே வளாகத்தில். 1963இல் அவர் மறைந்தபின் தொழில் மெல்ல மெல்ல முழுதாகச் சென்னையோடு போனது. இன்று நிற்பது முகப்பு வளைவு. ஆகவே ஜீப், சாப்பாடு, ஜெனரேட்டர் என்று யூனிட்டுக்கு வேலை செய்பவர்கள் பாக்கியை வாராவாரம் வாங்கிவிடுவது நல்லது. "ஷெட்யூல் முடியட்டும்" என்பார்கள். செட் இறங்கியபின் மேனேஜர் ஃபோன் எடுப்பதில்லை.

வீட்டுக்காரரோடு போடும் ஒப்பந்தம் யூனிட் கிளம்பியதும் முடிந்துவிடக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் வந்து எடுக்கும் உரிமை, தொடர் முடியும்வரை கேட்டுக்கு வேறு பெயின்ட் அடிப்பதில்லை, வாசல் மரத்தை வெட்டுவதில்லை, அதற்கு மாதம் இவ்வளவு தொகை. இதை எழுத்தில் வாங்காமல் போனால், அடுத்த முறை பச்சைக் கேட்டைத் தேடி வருபவர்களுக்கு நீலக் கேட் காத்திருக்கும். சேமித்துவைத்த ஷாட் எதுவும் அதன்பின் உதவாது.