தரைதட்டிய கப்பல் இன்னும் எவ்வளவு தாங்கும்?

கப்பல் பாறையில் ஏறி நின்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "ஓட்டை எவ்வளவு பெரிசு?" என்றுதான். கப்பல் முறியுமா என்பதற்கு அந்த அளவு மட்டும் விடையாகாது. ஓட்டை எங்கே இருக்கிறது, இனி கப்பல் எந்தப் பக்கம் வளையப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடுப்பகுதி மேலெழும்பி முனைகள் தாழ்ந்தால் ஹாகிங். அப்போது மேல்தளம் இழுபடும், அடித்தட்டு அமுக்கப்படும். நடு தொய்ந்தால் சாகிங், எல்லாம் தலைகீழ். பாறை கிழிப்பது அடித்தட்டை. அதனால் அடிபட்ட கப்பலுக்கு ஹாகிங்தான் எமன்.

கணக்குக்காக ஒரு வெட்டுமுகம் எடுத்துக்கொள்வோம். உயரம் 19 மீட்டர், எஃகின் மொத்தப் பரப்பு 3.6 சதுர மீட்டர், நியூட்ரல் ஆக்சிஸ் (இழுப்பும் அமுக்கமும் இல்லாத கோடு) கீலிலிருந்து, அதாவது கப்பலின் அடியிலிருந்து, 8.5 மீட்டரில், வளைவை எதிர்க்கும் இனர்ஷியா 200 மீட்டர்⁴. அடித்தட்டில் பாதியும் அதிலிருந்த லாஞ்சிடியூடினல்களும் (நீளவாட்டில் ஓடும் விறைப்புக் கம்பிகள்) போய், 0.4 சதுர மீட்டர் எஃகு கணக்கிலிருந்து கழிகிறது. அதாவது 11 சதவீதம். நியூட்ரல் ஆக்சிஸ் 9.56 மீட்டருக்கு ஏறுகிறது, இனர்ஷியா 167 ஆகிறது. மேல்தளத்தின் செக்ஷன் மாடுலஸ் (இனர்ஷியாவை நியூட்ரல் ஆக்சிஸிலிருந்து உள்ள தூரத்தால் வகுத்தது, வளைவைத் தாங்கும் வலிமையின் அளவு) 7 சதவீதம்தான் குறைகிறது. அடித்தட்டினுடையதோ 25 சதவீதத்துக்கு மேல். பத்தில் ஒரு பங்கு எஃகு போனதற்குக் கால் பங்கு வலிமை போய்விட்டது. இதுவும் மீதித் தகடு நேராக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்குதான். நெளிந்த தகடு அமுக்கத்தைத் தாங்காது.

ஆகவே எதைக் கழிப்பது என்பதில் தாராளமாக இருக்கலாம். கிழிந்த தகட்டோடு அதில் ஒட்டிய லாஞ்சிடியூடினலும் போகும். மடங்கிய கர்டரும் (அடியில் நீளவாட்டில் நிற்கும் தகடு) போகும். ஓட்டைக்கு முன்னும் பின்னும் உள்ள தகடு முழுசாகத் தெரிந்தாலும் விசை அதில் உடனே ஏறாது. ஓட்டையின் விளிம்புகளிலிருந்து கப்பலின் நீளவாட்டத்துக்கு 15 டிகிரி சாய்வில் கோடு இழுத்து, இரண்டு கோடும் சந்திக்கும் வரை உள்ள நிழல் பகுதியையும் கழிக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தவர்களின் கணக்கு எப்போதும் அழகாகத்தான் வரும்!

செக்ஷன் மாடுலஸ் முதல் மணி நேரத்துக்குப் போதும். அதற்குப் பிறகு ஸ்மித் முறைதான். வெட்டுமுகத்தைத் தகடும் ஸ்டிஃப்னரும் (தகட்டை விறைப்பாக்கும் கம்பி) சேர்ந்த துண்டுகளாகப் பிரித்து, வளைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்தத் துண்டு எப்போது பக்கிள் ஆகிறது, அதாவது அமுங்கி நெளிகிறது, என்று பார்ப்பது. சேதம் ஒரு பக்கமாக இருந்தால் நியூட்ரல் ஆக்சிஸ் சாய்ந்துவிடும். அதைக் கிடையாகவே வைத்துப் போட்ட விடை பொய். 2015 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த ஐஏசிஎஸ் (கப்பல் தரச்சான்று நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம்) பொது விதிகள், டேங்கர், பல்க் கேரியர் வடிவமைப்பிலேயே சேதத்துக்குப் பிறகான வலிமைக் கணக்கைக் கேட்கின்றன: தரைதட்டல் சேதம் கப்பல் அகலத்தில் 60 சதவீதம், உயரம் அகலத்தில் இருபதில் ஒன்று அல்லது 2 மீட்டர், எது குறைவோ அது. அமைதிநீர் மொமென்டை (அலையில்லாத நீரில் கப்பலை வளைக்கும் சுமை) 1.1 ஆலும் அலை மொமென்டை 0.67 ஆலும் பெருக்கிப் பார்க்கிறார்கள்.

வலிமை ஒரு பக்கம். சுமை இன்னொரு பக்கம். மூக்கு மட்டும் தட்டியிருந்தால் தரையின் எதிர்விசை முனையில் ஏறும், மொத்த மிதப்பு குறையும், போக்கு சாகிங். நடுவில் பாறை குத்தியிருந்தால் ஹாகிங். 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் இரண்டு முனையும் கரையில் புதைந்து கிடந்தபோது எல்லாருக்கும் இருந்த பயம் நடு தொய்ந்துவிடுமோ என்பதுதான். அடிநீளம் முழுக்கத் தரையில் உட்கார்ந்த கப்பலுக்கு டிபிசி (1 சென்டிமீட்டர் அமிழத் தேவையான எடை) 60 டன் என்றால், ஓதம் 1 மீட்டர் இறங்கும்போது தரை கூடுதலாகத் தாங்க வேண்டியது 6000 டன். அதனால் வற்று நேரத்துக்கென்று தனிக் கணக்கு கட்டாயம்.

கணக்குக்குத் தேவையான தகவல் கப்பலில்தான் இருக்கிறது. தட்டுவதற்கு முந்தைய லோடிங் நிலை, இரு பக்கமும் முன், நடு, பின் என ஆறு டிராஃப்ட் (நீரில் அமிழ்ந்த ஆழம்), எல்லா டாங்கிலும் சவுண்டிங் (உள்ளே உள்ள நீர்மத்தின் மட்டம்), கப்பலைச் சுற்றி வெளிக்கடலின் ஆழம். நடு டிராஃப்ட், முன்பின் சராசரியைவிடக் குறைவாக இருந்தால் ஹாக். அந்த வித்தியாசத்தை மணிக்கு மணி எழுதி வைக்க வேண்டும். டாங்கின் ஏர் பைப் (காற்றுக் குழாய்) வாயில் கை வைத்துப் பாருங்கள்: அலையோடு காற்று உள்ளே இழுத்து வெளியே தள்ளினால் அந்த டாங்க் கடலுக்குத் திறந்துவிட்டது. பக்கத் தகட்டில் கோணலாக ஓடும் சுருக்கம் ஷியர் (வெட்டுவிசை) வேலை. மேல்தளத்தில் குறுக்காக ஓடினால் சாகிங் அமுக்கம்.

நின்ற இடத்திலேயே அசையாமல் இருக்கிறதே என்ற நிம்மதி ஆபத்தானது. வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் 2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் பவளத்திட்டில் ஏறியது. முறிந்தது ஆகஸ்ட் 15 அன்று. பாறைமேல் நிற்கும் கப்பலை ஒவ்வொரு அலையும் கொஞ்சம் தூக்கிப் போடும். சேதம் நாளுக்கு நாள் வளரும், போன வாரக் கணக்கு இந்த வாரத்துக்கு உதவாது.

மிதக்கவைப்பதும் தனிக் கணக்குதான். எதிர்விசை மறையும் நொடியில் மொமென்ட் வரைபடமே மாறிவிடும். அடி திறந்த டாங்கில் காற்றடைத்து நீரை வெளியே தள்ளலாம். ஆனால் 1 பார் என்றால் 10 மீட்டர் நீரின் அழுத்தம், அது டாங்க் டாப்பை (டாங்கின் மேல்தட்டை) அடியிலிருந்து மேலே தள்ளும். பிறகு இழுத்துச் செல்லும் பயணத்துக்கு எத்தனை மீட்டர் அலை வரை தாங்கும் என்று வரம்பு போட்டுக் கிளாஸின் (கப்பலுக்குத் தரச்சான்று தரும் நிறுவனத்தின்) ஒப்புதல் வாங்க வேண்டும்.

புறப்படும் முன், விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் முனையில் துளை போடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டித்தான் உண்மையான முனை இருக்கும். டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் சாயம்) அடித்துப் பார்க்காமல் போட்ட துளை விரிசலின் நடுவில் விழுந்துவிடும். விரிசல் தன் பாட்டுக்கு ஓடும்.